கட்டி கரைந்த திருவிழா

கழுத்திலிருந்த கட்டி கரைந்துபோய்விட்டது என்று அங்கமுத்து சொன்னபோது, தோட்டத்து லயத்து வீடுகளில் இருந்த அத்தனை பேரும் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மோகனா மட்டும் கலங்கிப்போனாள்.

பெற்ற அப்பனுக்கு நோய் நீங்கினால் எந்த மகளாவது கலங்குவாளா? கலங்கினாள், என்ன செய்வது. அவள் படித்த படிப்பு அப்படி.

அன்றைக்குக் காலையில்தான் அவள் பல்கலைக்கழகத்திலிருந்து திருவிழாவுக்கு வந்து இறங்கியிருந்தாள். மெயின் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, தோட்டத்து வாசல் ஆர்ச்சைத் தாண்டி, செம்பனை மரங்களின் நிழலில் பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தால் வாசலிலேயே அப்பா நிற்கிறார். மஞ்சள் வேட்டி, மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றுக் காப்பு. இந்த வருஷம் மாரியம்மன் கரகம் எடுப்பது அவர்தான். முகவாயை மேலே தூக்கிக் காட்டி, "தொட்டுப் பாரு, தொட்டுப் பாரு" என்று சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார்.

தொட்டுப் பார்த்தாள். போன விடுமுறையில் அந்த இடத்தில் எலுமிச்சை அளவில் கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன. அக்குளிலும் ஒன்று. மனிதர் இளைத்துத் துரும்பாகியிருந்தார். மலாக்கா ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், ஒரு துண்டு வெட்டியெடுத்துச் சோதிக்க வேண்டும் என்று தேதி கொடுத்தார். அந்தத் தேதி திருவிழாவுக்குள் விழுந்ததால் அப்பாவே போய்த் தள்ளிப்போட்டுவிட்டு வந்தார். "கழுத்துல கத்திய வெச்சிட்டா கரகத்த யாரு தூக்கறது?" என்பது அவர் கேள்வி. இப்போது அந்த இடத்தில் வெறும் தோல்தான் இருந்தது.

"ஆத்தா கண்ணத் தொறந்துட்டாடி" என்று அம்மா மலர்க்கொடி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "காப்பு கட்டுன நாளு கட்டி அப்படியேதான் இருந்திச்சி. பொறவு ஒவ்வொரு நாளும் சுருங்குது. டாக்டர் கெட்டான், போ!"

மலர்க்கொடி பக்தியில் விட்டுக்கொடுக்காதவள். திருவிழாவுக்கு மகள் வருவதற்கு முன்னால் ஹாஸ்டலுக்குப் போன் போட்டு, "குளிச்சிட்டியா, தேதி எப்படி?" என்று கேட்டு, போன வாரமே முடிந்துவிட்டது என்று மோகனா சொன்ன பிறகுதான் "அப்ப வா" என்றவள். விரத வீட்டில் தீட்டுப் பட்டுவிடக் கூடாது பாருங்கள்.

மோகனா படிப்பது உயிர்வேதியியல், கடைசி வருஷம். ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை இதுதான்: சுண்டெலியின் தைமஸ் என்ற நெஞ்சுச் சுரப்பியிலிருந்து வெள்ளணுக்களை எடுத்து, அவற்றின்மேல் ஸ்டீராய்டு மருந்தைச் சொட்டி, அவை சாவதைப் பார்த்துக்கொண்டிருப்பது. ஊரில் போய் வெளியே சொல்ல முடியாத உத்தியோகம். ஆனால் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆச்சரியம் தீரவில்லை. அந்த மருந்து செல்லை அடித்துக் கொல்வதில்லை. தானே செத்துப்போ என்று அதற்குச் சேதி சொல்கிறது, அவ்வளவுதான். சேதி கொண்டுபோவதும் புரதம், வாங்கிக்கொள்வதும் புரதம். செல்லுக்குள்ளே மைட்டோகாண்ட்ரியா என்று சக்தி தயாரிக்கும் குட்டி உலைகள் இருக்கின்றன. அவற்றின் வாசலில் பிசிஎல்-2 என்றொரு புரதம் காவல். உள்ளே சைட்டோகுரோம் சி என்ற இன்னொன்று. உள்ளே இருக்கிறவரை செல்லுக்குச் சோறு போடுவதே அதுதான். சாவுச் சேதியோடு வரும் புரதங்கள் காவலை மடக்கிவிட்டால், அது வாசலைத் தாண்டி வெளியே கசிந்துவிடும். கசிந்ததும் சோறு போட்டதே எமனாகிவிடும்! தூங்கிக் கிடக்கும் வெட்டுப் புரதங்களை எழுப்பிவிட்டு, செல்லை உள்ளேயே துண்டு துண்டாக்கிவிடும். அது தொண்ணூறுகளின் கடைசி; இதைக் கண்டுபிடித்தே இரண்டு மூன்று வருஷம்தான் ஆகிறது என்று அவளுடைய விரிவுரையாளர் துள்ளித் துள்ளிச் சொல்வார். எல்லையைத் தாண்டினால் ஆபத்து என்கிற விஷயத்தில் செல்லும், காப்புக் கட்டியவனைத் தோட்டத்து எல்லை தாண்டவிடாத கோயில் கமிட்டியும் ஒரே கட்சி.

வெள்ளணுக்கள் சாகவேண்டிய நேரத்தில் சாகாமல் பெருகிக் கிடந்தால் கழுத்தில் இப்படித்தான் கட்டி கட்டும். அது தானாகக் கரையாது. அதுவும் சில நாளில் கரைய வேண்டுமென்றால் யாரோ அவற்றுக்குச் சேதி அனுப்பியிருக்க வேண்டும்.

அம்மா அடுப்படிக்குப் போனதும் மோகனா மெதுவாகக் கேட்டாள். "அப்பா, ஏதாச்சும் மருந்து சாப்பிட்டீங்களா?"

"விரதத்துல என்னா மருந்து?" என்றவர், அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "முட்டி வலிக்கு மட்டும்லா. கரகத்தத் தலையில வெச்சிக்கிட்டு தோட்டம் பூரா நடக்கணும். முட்டி மடங்கிட்டா ஆத்தாவ கீழ போட்டுடுவேன். பாசார் மாலாம்ல ஜாமு விக்கிறவன் குடுத்தான். வேரு, எல எல்லாம் அரச்சதாம். போட்ட மறுநாளே முட்டி பறக்குது! அதனால ரெண்டு ரெண்டா போட்டுக்கிட்டேன். அம்மாகிட்ட சொல்லித் தொலைக்காத."

வேட்டி மடிப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்து அவள் கையில் கொடுத்தார். கறுப்பு மாத்திரைகள். வேரும் இலையும் ஒரே நாளில் முட்டியைப் பறக்கவிடாது. பாசார் மாலாம் எனும் இரவுச் சந்தையின் ஜாமு நாட்டு மருந்தில் சில பேர் ஸ்டீராய்டைக் கலந்து விற்பதை விரிவுரையாளர் வகுப்பில் ஒரு வேடிக்கையாகச் சொல்லியிருந்தார். மோகனாவும் அன்றைக்கு மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தவள்தான்.

செல் சாவதில் கெடுதல் இல்லை. நம் எல்லாருடைய உடம்பிலும் நித்தமும் சாகின்றன, பக்கத்துச் செல்கள் அள்ளி விழுங்கிவிடுகின்றன. ஆனால் லட்சோபலட்சம் ஒரே மூச்சில் செத்தால் அள்ள ஆள் போதாது. உள்ளே இருந்ததெல்லாம் ரத்தத்தில் கொட்டும். ஒன்று சிறுநீரகத்தைப் போய் அடைக்கும். இன்னொன்று, பொட்டாசியம், ஏறிக்கொண்டே போய் இதயத்தை நிறுத்திவிடும். அவள் அப்பாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பாதம் வீங்கியிருந்தது. விரல்களை மடக்குவதும் விரிப்பதுமாக இருந்தார்.

"கை என்னாப்பா பண்ணுது?"

"மதமதன்னு இருக்கு. விரதம்லா, அப்படித்தான் இருக்கும்."

அவள் அடுப்படிக்கு ஓடினாள். மலர்க்கொடி இளநீர் சீவிக்கொண்டிருந்தாள். கீழே வெட்டிய கூடுகள் குவிந்து கிடந்தன.

"அம்மா, அப்பா ஒன்னுக்குப் போறாரா?"

மலர்க்கொடியின் கத்தி நின்றது. "ஒனக்கு எப்படித் தெரியும்? நேத்துலேர்ந்து சரியாப் போகல. யாருகிட்டயும் சொல்லாதன்னாரு. ஒடம்புச் சூடுதான்னு நானும் எளநிய வெட்டி வெட்டிக் குடுத்துக்கிட்டே இருக்கேன். அவரு சாப்பிடறதே எளநியும் வாழப்பழமும்தானே."

மோகனா இளநீரைப் பிடுங்கித் தரையில் கொட்டிவிட்டாள். "குடுக்காதம்மா! அதுலயும் பழத்துலயும் இருக்கிற பொட்டாசியம் அப்படியே ரத்தத்துல நிக்கும். வெளிய போக வழியில்ல. நெஞ்சு நின்னுடும்மா!"

"அடிப் பாவி, எளநிகூடவா வெசம்?"

"இன்னிக்கு அவருக்கு வெசம்தாம்மா."

மலர்க்கொடி கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று மோகனாவுக்குத் தெரியவில்லை.

அங்கமுத்துவிடம் பேசிப் பார்த்ததில் பிரயோசனம் இல்லை. ஆஸ்பத்திரி என்ற சொல் வாயிலிருந்து வந்ததுமே மனிதர் காப்பைக் காட்டினார். காப்புக் கட்டியவன் அதைக் கழற்றும்வரை ஆர்ச்சைத் தாண்டக் கூடாது. தோட்டத்துச் சட்டம் அது. தீட்டுப் பட்டால் மட்டும் கரகக்காரன் காப்பைக் கழற்றி அடுத்தவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். "ஆத்தா கட்டியவே கரைச்சிட்டா, மூத்திரத்த வுட மாட்டாளா? நாளைக்குப் போலாம்மா" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. அவர் ஆசையாகச் சொன்னார்.

மோகனா கோயிலுக்கு ஓடினாள். கோயில் தலைவர் சாமிக்கண்ணு, தோட்டத்தில் ஆட்களை வேலைவாங்கி ஓய்வுபெற்ற மண்டோர், பந்தல்காரர்களை விரட்டிக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் என்று சொல்லிவிட்டால் கதை சுலபமாகிவிடும். அவர் அப்படி இல்லை.

"படிச்ச புள்ள சொல்ற, நான் கேட்டுக்கிறேன். ஆனா கட்டி கரைஞ்சத தோட்டமே பாத்திருக்கு. இப்பப் போயி மாத்திரன்னு சொன்னா யாரு நம்புவா? சாயங்காலம் கரகம் எறங்கட்டும். நாளைக்குக் காலையில நானே முன்னால நின்னு காப்பக் கழட்டி அனுப்பி வைக்கிறேன்."

"நாளைக்கி வரைக்கும் தாங்காது மாமா."

"ஆத்தா இருக்கா, போ."

வாழைத்தாரும் தேங்காயும் இறக்கிக்கொண்டிருந்த அப்துல் லத்தீப் இதைக் கேட்டுக்கொண்டு நின்றார். கோலா சுங்கை பாருவில் மளிகைக்கடை வைத்திருப்பவர். வருஷா வருஷம் கோயிலுக்குச் சாமான் போடுவது அவர்தான். அவள் அழுதுகொண்டே திரும்பியபோது, "பாப்பா, வேன் இங்கயேதான் நிக்கும். ஒங்கப்பாவ எப்படியாச்சும் கொண்டாந்து ஏத்து. மத்தத நான் பாத்துக்கிறேன்" என்றார்.

எப்படியாச்சும் என்றால் எப்படி? ஒருவேளை நான் நினைப்பது தப்பாக இருந்தால்? மாத்திரையில் ஒன்றுமே இல்லாமல் இருந்தால்? ரத்தத்தைச் சோதிக்காமல் எதை வைத்துச் சொல்வது? கண்ணாடித் தட்டில் எலியின் செல்லைப் பார்த்தவள், மனிதருக்கு வைத்தியம் சொல்லலாமா? அப்பா ஆயுசுக்கு ஒருமுறை ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிய கரகம். அதைக் கெடுத்துவிட்டு, ஆஸ்பத்திரியில் "ஒன்றுமில்லை, கூட்டிக்கொண்டு போங்கள்" என்று சொல்லிவிட்டால் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? இப்படிப் புழுங்கிப் புழுங்கியே அவளுக்கு மத்தியானம் போயிற்று.

வெயில் தாழ்ந்ததும் ஆற்றோரத்தில் கரகம் ஜோடித்தார்கள். வேப்பிலையும் பூவும் சுற்றிய செம்பு தயாராக இருந்தது. அங்கமுத்துவை மணையில் உட்கார வைத்து மஞ்சள்தண்ணீர் ஊற்றினார்கள். முகம் சாம்பல் பூத்திருந்தது. ஒருமுறை குமட்டிக் கொஞ்சமாக வாந்தி எடுத்தார். பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. தோள் வெட்டி வெட்டி இழுத்தது.

"அருளு வந்திடுச்சி!" என்று யாரோ கத்தினார்கள்.

உருமியும் பறையும் வேகம் எடுத்தன. பெண்கள் குலவையிட்டார்கள். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கூட்டத்தில் நின்ற மோகனாவுக்குப் பார்த்த கணமே தெரிந்துவிட்டது. அது அருள் இல்லை. சதையெல்லாம் தாறுமாறாகத் துடிக்கிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் நெஞ்சும் இப்படித்தான் துடிக்கும், பிறகு நின்றுவிடும். சாமிக்கண்ணு கரகத்தை இரு கையாலும் தூக்கிவிட்டார். தலையில் ஏற்றிவிட்டால் கோயில்வரை யாரும் அங்கமுத்துவைத் தொட முடியாது.

"வெக்காதீங்க!" என்று கூவிக்கொண்டே அவள் முன்னால் போய் விழுந்தாள். "வெக்காதீங்க மாமா! நான் வீட்டுக்குத் தூரம். காலையில அப்பாவத் தொட்டுட்டேன்!"

பறை நின்றது. உருமி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஓய்ந்தது. அத்தனை ஆண்பிள்ளைகள் நடுவில், வயசுக்கு வந்த பெண் வாய்விட்டுச் சொல்லக்கூடாத ஒன்றைச் சொல்லிவிட்டு அவள் ஈர மண்ணில் மண்டியிட்டு நின்றாள். வெட்கம் உடம்பெல்லாம் எரிந்தது. அதைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

சாமிக்கண்ணுவின் முகம் சிவந்தது. அவர் ஒன்றும் ஏமாளி இல்லை. காலையில் இவள் வந்து கெஞ்சியதை மறந்திருப்பாரா? கூட்டத்துக்குள் தேடி மலர்க்கொடியைப் பிடித்தார். "மலரு, நீ சொல்லு. ஒம் மவ சொல்றது நெசமா? ஆத்தா முன்னால சொல்லு."

மோகனா திரும்பித் தாயைப் பார்த்தாள். போனில் தேதி கேட்ட தாய். சாமி விஷயத்தில் பொய் என்றால் நாக்கு அழுகிவிடும் என்று சொல்லிச் சொல்லி வளர்த்த தாய். அவள் இல்லை என்று தலையாட்டினால் அத்தோடு முடிந்தது. மலர்க்கொடி புருஷனின் துடிக்கும் தோளைப் பார்த்தாள், கரகத்தைப் பார்த்தாள்.

"ஆமாண்ணே, நெசந்தான்" என்றாள். "வந்ததுமே சொல்லிச்சி. நாந்தான் திருவிழா நின்னுடக் கூடாதுன்னு மறச்சிட்டேன்."

பெண்கள் என்னென்னவோ பேசினார்கள். "தாயும் மவளும் குடியக் கெடுக்க வந்தவளுங்க" என்பதுதான் அதில் நாகரிகமானது. சாமிக்கண்ணு கரகத்தை மணையில் இறக்கிவைத்துவிட்டு, அங்கமுத்துவின் மணிக்கட்டிலிருந்து காப்பை அவிழ்த்தார். மாற்றுக்கு விரதமிருந்த மூன்றாவது லயத்துச் சுப்பன் ஆற்றில் முங்கி எழுந்து வந்து கையை நீட்டினார். அங்கமுத்து தன் வெறும் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவளால் தாங்க முடியவில்லை.

லத்தீப் பாய் வேனை ஆற்றுக்கரைவரை கொண்டுவந்துவிட்டார். "தூக்குங்கலா! என்னா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?" என்று அவர் அதட்டிய பிறகுதான் இரண்டு பேர் வந்து கைகொடுத்தார்கள். ஆர்ச்சைத் தாண்டும்போது மலர்க்கொடி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வழியெல்லாம் மோகனா அப்பாவின் நாடியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அது ஓடுகிறது, நிற்கிறது, தடுக்கிவிழுந்து மறுபடி ஓடுகிறது. சிவப்பு விளக்கு விழுந்த இடத்திலெல்லாம் பாய் ஹாரனை அழுத்தியபடியே புகுந்து போனார்.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயரை ஒட்டிப் பார்த்த இளம் டாக்டர், மற்றவர்களைக் கூப்பிட்ட சத்தத்திலேயே மோகனாவுக்குத் தெரிந்துவிட்டது. தான் நினைத்தது தப்பில்லை. அதில் சந்தோஷப்பட என்ன இருக்கிறது? சுவரில் சாய்ந்து அழுதாள். மாத்திரைப் பொட்டலத்தை டாக்டர் கையில் கொடுத்தபோது அவர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுப் பையில் போட்டுக்கொண்டார். ஊசி போட்டார்கள். ரத்தத்தை மிஷினில் விட்டுச் சுத்தம் செய்தார்கள்.

விடிந்த பிறகு டாக்டர் வந்து பேசினார். இப்போதைக்குத் தப்பிவிட்டார், கட்டி திரும்ப வரும், என்ன கட்டி என்று கண்டுபிடித்து, முறையான மருந்தைத் தண்ணீர் ஏற்றிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும், பல மாசம் ஆகும், உறுதி எதுவும் சொல்ல முடியாது. அவ்வளவையும் கேட்டுக்கொண்டு மோகனா உள்ளே போனாள்.

அங்கமுத்து விழித்திருந்தார். "கரகம்?" என்றார்.

"சுப்பன் மாமா எடுத்தாருப்பா."

"நல்லா எடுத்தானா?"

"தெரியலப்பா. நாங்க இங்கல்ல இருந்தோம்."

கூரையைப் பார்த்தபடி தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு அவளைப் பக்கத்தில் வரச் சொன்னார். திட்டப்போகிறார் என்று அவள் நினைத்தாள். திட்டட்டும், தாராளமாகத் திட்டட்டும், திட்டுவதற்கு ஆள் இருக்கிறாரே.

"நீ சொன்னது நெசமா?" என்று கேட்டார். பெண்பிள்ளையிடம் கேட்கக் கூசி, முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கேட்டார்.

"ஏம்பா?"

"நெசம்னா பரவால்ல. அது ஒடம்பு பண்றது, நீ என்னா செய்வ? ஆத்தாளும் பொம்பளதான், புரிஞ்சிக்குவா. பொய்யின்னா தண்டன ஒனக்குலா வரும்." குரல் உடைந்தது. "கண்ண மூடுனா அதான் வருது. எனக்கு என்னா ஆனாலும் ஆவட்டும். ஒனக்கு ஒன்னு ஆயிடக் கூடாது மோகனா. எனக்குப் பயமா இருக்கு."

நேற்றிலிருந்து இவருக்காக அவள் பயந்து செத்துக்கொண்டிருக்கிறாள். இந்த மனிதர் சாவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து அவளுக்காகப் பயந்துகொண்டிருக்கிறார்.

"நெசந்தாம்பா" என்றாள்.

"நெசமா?"

"நெசம். அம்மாவக் கேளுங்க."

"அப்ப சரி" என்று பெருமூச்சு விட்டார். நெற்றிச் சுருக்கம் விலகியது. அவள் கையைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார்.

வெளியே பெஞ்சில் மலர்க்கொடி உட்கார்ந்திருந்தாள். மோகனா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அப்பாகிட்டயும் பொய்யச் சொல்லிட்டேம்மா."

மலர்க்கொடி அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"ஊருக்கு முன்னால ஆமான்னு சொன்னவ நானு. ஆத்தாளுக்குக் கேக்கணும்னா என்னக் கேக்கட்டும், ஒன்ன ஏன் கேக்கறா? நீ போயி மூஞ்சியக் கழுவிட்டு வா. டாக்டர் மறுபடியும் வந்தா நீதான் பேசணும்."